1804 என்று சொல்லும் டாலர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிலடெல்பியா நாணயச்சாலையின் கணக்கைப் பார்த்தால் 1804-ல் அடித்துக் கொடுத்த வெள்ளி டாலர் 19,570. அந்த 19,570-ல் ஒன்றின் மேலும் 1804 என்ற ஆண்டு இல்லை. 1804 என்று ஆண்டு போட்ட டாலர்கள் உலகில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுகூட 1804-ல் அடித்ததில்லை. இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டால்தான் பழைய அமெரிக்க வெள்ளிக் காசுகளில் அசல் எது, போலி எது, பெயர் மாற்றி ஒட்டியது எது என்று பேசவே முடியும்.

இதை எழுதக் காரணம் என் சித்தப்பா மகன். நியூஜெர்சியில் இருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தையில் 40 டாலர் கொடுத்து ஒரு காசு வாங்கிவிட்டு, "அண்ணே, 1804 டாலர். எவ்வளவு போகும்னு பாருங்க" என்று படம் அனுப்பினான். படத்தைப் பார்த்ததுமே விடை தெரிந்துவிட்டது. ஆனால் ஏன் தெரிந்தது என்று அவனுக்கு விளக்கப் புகுந்தபோது, இந்தக் காசின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

கணக்குப் புத்தகம் சொன்னதும் அச்சு சொன்னதும்

அமெரிக்காவின் 1792 நாணயச் சட்டம் டாலரின் எடையை 416 கிரெயின் என்று வைத்தது. நம் கணக்கில் 26.96 கிராம். அதில் சுத்த வெள்ளி 371.25 கிரெயின், மீதி செம்பு. முதல் டாலர்கள் 1794 அக்டோபர் 15 அன்று அடிக்கப்பட்டன, மொத்தம் 1,758. அதன்பின் பத்தாண்டுகள் டாலர் வந்தது, ஆனால் நாட்டுக்குள் நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் இதைக் கொடுத்தால் இதைவிடக் கொஞ்சம் கனமான ஸ்பானிய டாலர் கிடைத்தது. வியாபாரிகள் புது டாலரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஸ்பானியக் காசைக் கொண்டுவந்து, அதையே நாணயச்சாலையில் போட்டு மறுபடி டாலராக அடித்துக்கொண்டார்கள். அரசுச் செலவில் நடந்த நல்ல லாபத் தொழில் இது. 1804-ஓடு டாலர் அடிப்பது நின்றது. மறுபடி தொடங்க 1836 ஆயிற்று.

அப்படியானால் 1804-ல் அடித்த 19,570-ல் என்ன ஆண்டு இருந்தது? பெரும்பாலும் 1803 என்று கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் நல்ல எஃகு கிடைப்பது சிரமம். அச்சு செதுக்குவதும் பதமேற்றுவதும் பெரிய வேலை. ஜனவரி ஒன்று பிறந்தது என்பதற்காக நல்ல அச்சை யாரும் தூக்கிப் போடவில்லை, விரிசல் விட்டு உடையும்வரை ஓட்டினார்கள். காசின் மேல் இருக்கும் ஆண்டு அச்சு செய்த ஆண்டுதானே தவிர, காசு அடித்த ஆண்டு அல்ல.

இதே சிக்கலுக்குச் சின்ன உதாரணம் அரை டாலர். 1804-ல் 1,56,519 அரை டாலர்கள் அடித்ததாகக் கணக்கு. 1804 என்று போட்ட அரை டாலர் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. ஆனால் 4-க்கு மேல் 5-ஐத் தட்டிய 1805 அரை டாலர் இருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் 5-க்கு அடியில் 4 எட்டிப் பார்க்கும். அதாவது 1804 அச்சு செய்திருக்கிறார்கள், அந்த ஆண்டு பயன்படுத்தவில்லை, அடுத்த ஆண்டு எண்ணைத் திருத்தி ஓட்டியிருக்கிறார்கள். 1804 என்று போட்ட கால் டாலரும் பத்து சென்ட் காசும் ஒழுங்காகவே உண்டு, அவற்றில் எந்தப் புதிரும் இல்லை. குழப்பமெல்லாம் டாலரில்தான்.

சயாம் மன்னருக்கு ஒரு பெட்டி

1834 நவம்பரில் வெளியுறவுத் துறையிலிருந்து நாணயச்சாலைக்கு ஒரு கடிதம் வந்தது. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசளிக்க, புழக்கத்தில் உள்ள ஒவ்வொரு வகைக் காசிலும் மாதிரி வேண்டும், தங்கம், வெள்ளி, செம்பு எல்லாம் வேண்டும் என்று ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் உத்தரவிட்டிருக்கிறார் என்றது கடிதம். முந்தைய ஆண்டுதான் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் இந்த இரண்டு அரசுகளோடும் வணிக ஒப்பந்தம் செய்துவிட்டு வந்திருந்தார்.

நாணயச்சாலைக்கு ஒரு சங்கடம். டாலரும் பத்து டாலர் தங்கக் காசும் சட்டப்படி உண்டு, அடித்துத்தான் முப்பது ஆண்டு ஆகிறது. அவை இல்லாமல் பெட்டி நிறையாது. கணக்கைப் புரட்டியவர்கள் கடைசியாக அடித்த ஆண்டு 1804 என்று பார்த்திருக்கிறார்கள். அதே ஆண்டைப் போட்டு அச்சு செய்துவிட்டார்கள். அந்த 1804-ல் வெளியே போனவை 1803 அச்சில் போனவை என்பது அநேகமாக அவர்களுக்குத் தோன்றவே இல்லை. ஏமாற்றும் எண்ணம் இங்கே இல்லை என்றே நான் நினைக்கிறேன். கணக்குப் பிள்ளையின் பதிவேட்டை அப்படியே நம்பியதால் பிறந்த காசு இது.

அமெரிக்கப் போர்க்கப்பலான பீகாக்கில் ராபர்ட்ஸ் பெட்டிகளோடு கிளம்பினார். 1835-ல் ஓமன் கரையருகே மசீரா தீவுப் பக்கம் கப்பல் பவளப் பாறையில் தட்டி நின்றது. பாரம் குறைக்கப் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். பெட்டிகள் தப்பின. மஸ்கட்டில் சுல்தான் சயீதிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பம்பாய், கொழும்பு வழியாகப் போய் 1836-ல் சயாமில் மன்னர் மூன்றாம் ராமரிடம் மற்றொன்றைக் கொடுத்தார்கள். கொழும்புத் துறையில் அந்தக் கப்பல் நின்றபோது, பிற்காலத்தில் பல மில்லியன் டாலர் போகப்போகும் ஒரு காசு உள்ளே பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. கொச்சின் சீனாவுக்கும் (இன்றைய வியட்நாம்) ஜப்பானுக்கும் என்று வைத்திருந்த பெட்டிகள் போய்ச் சேரவில்லை. ராபர்ட்ஸ் அந்த ஆண்டே சீனக் கரையில் உள்ள மக்காவ் நகரில் நோயால் இறந்துபோனார்.

இப்படி அக்காலத்தில் அடித்த டாலர்களில் இன்று தெரிந்தவை எட்டு. சேகரிப்பாளர்கள் இவற்றை முதல் வகுப்பு என்கிறார்கள்.

இரவு வேலை

1842-ல் நாணயச்சாலையின் மதிப்பீட்டாளர்கள் இருவர் வெளியிட்ட ஒரு நூலில் 1804 டாலரின் படம் வந்தது. அதுவரை இப்படி ஒன்று இருப்பதே வெளியே தெரியாது. அடுத்த ஆண்டே மாத்யூ ஸ்டிக்னி என்ற சேகரிப்பாளர் நாணயச்சாலைக்கே போய், தன்னிடம் இருந்த ஓர் அரிய தங்கக் காசு உள்ளிட்டவற்றைக் கொடுத்து ஒரு 1804 டாலரை மாற்றி வாங்கினார். வாங்கிய இடம் நாணயச்சாலை, கொடுத்தவர்கள் அதன் ஊழியர்கள். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆயுள் முழுக்கத் தன் காசு அசல் என்றே சொல்லி வந்தார். அவர் சொன்னது பொய் இல்லை. ஆண்டு மட்டும்தான் பொய்.

1850-களில் அமெரிக்காவில் நாணயம் சேர்க்கும் பித்து ஏறியது. தேவை ஏறினால் சரக்கும் வரும். 1858 வாக்கில் நாணயச்சாலைக்குள்ளேயே சிலர் பழைய 1804 முன்பக்க அச்சை எடுத்து, புதுப் பின்பக்க அச்சோடு சேர்த்து, திருட்டுத்தனமாக டாலர் அடித்தார்கள். இரவுக் காவலில் இருந்த தியடோர் எக்ஃபெல்ட் பெயர் இதில் அடிபடுகிறது. அவர் மூன்று தலைமுறையாக நாணயச்சாலையில் வேலை பார்த்த குடும்பத்துப் பிள்ளை. விஷயம் வெளியே வந்து ஊர் சிரித்ததும், அதிகாரிகள் விற்றவற்றைத் திரும்ப வாங்கினார்கள். ஒன்றை மட்டும் நாணயச்சாலையின் சேகரிப்பில் வைத்தார்கள். இன்று அது வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் வகுப்பு என்றால் இந்த ஒற்றைக் காசுதான்.

அந்த ஒன்று ஒரு சாட்சி. அச்சு விழாத வெறும் வெள்ளி வில்லை தேடிப் போக நேரமில்லாமல் எவரோ கைக்குக் கிடைத்த வெளிநாட்டுக் காசு ஒன்றின் மேலேயே அச்சை இறக்கியிருக்கிறார்கள். அடியில் கிடப்பது 1857-ல் ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரத் துப்பாக்கிச் சுடும் விழாவுக்கு வெளியிட்ட வெள்ளிக் காசு. சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் பழைய உருவத்தின் தடம் இன்னும் தெரிகிறது. 1804 என்று போட்ட காசுக்கு அடியில் 1857. எடையும் காட்டிக்கொடுக்கிறது: ஸ்விஸ் 5 பிராங்க் காசின் நிர்ணய எடை 25 கிராம், டாலருக்கோ கிட்டத்தட்ட 27 வேண்டும்.

இதே பின்பக்க அச்சில் வந்து, பிறகு விளிம்பில் எழுத்து ஏற்றியவை மூன்றாம் வகுப்பு. 1870-களில் இவை ஒவ்வொன்றாகச் சந்தையில் தலைகாட்டின, ஐரோப்பாவில் கண்டெடுத்தது என்பது போன்ற கதைகளோடு. அவற்றில் ஒன்று, நாணயச்சாலையின் தலைமைப் பதவியில் இருந்த ஹென்றி லிண்டர்மனின் சொந்தச் சேகரிப்பில் அவர் இறந்தபின் கிடைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

விளிம்பைப் பாருங்கள்

சரி, இந்த மூன்று வகுப்பையும் எப்படிப் பிரித்தார்கள்? காசின் முகத்தைப் பார்த்து அல்ல, விளிம்பைப் பார்த்து.

1794 முதல் 1803 வரை போட்ட டாலர்களின் விளிம்பில் "ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்" என்று எழுத்தும் நடுநடுவே பூவேலையும் இருக்கும். இதைக் காசு அடிப்பதற்கு முன்பே வெறும் வில்லையில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு எஃகுச் சட்டங்கள், ஒன்று அசையாது, மற்றது நகரும். நடுவே வில்லையை நிறுத்தி உருட்டினால் எழுத்து பதியும். பிறகு அந்த வில்லையை அச்சுகளுக்கு நடுவே வைத்து அடிப்பார்கள். சுற்றி வளையம் கிடையாது என்பதால் வெள்ளி வெளிப்பக்கம் தாராளமாகப் பரவும். எனவே அசல் டாலர்களின் விட்டம் ஒன்றுபோல் இராது, 39, 40 மில்லிமீட்டர் என்று கொஞ்சம் ஏறி இறங்கும். விளிம்பு எழுத்து மட்டும் ஒழுங்காக நிற்கும்.

1834-ல் தொழில்நுட்பம் மாறிவிட்டது. வில்லையைச் சுற்றி வழுவழுப்பான எஃகு வளையம் வைத்து அடித்தார்கள். எழுத்து ஏற்றிய வில்லையை வளையத்துக்குள் வைத்து அடித்தால் என்ன ஆகும்? விரிந்த வெள்ளி வளையத்தின் சுவரில் மோதும், எழுத்து நசுங்கும். முதல் வகுப்புக் காசுகளில் விளிம்பு எழுத்து அப்படித்தான் நசுங்கிக் கிடக்கிறது. இரண்டாம் வகுப்பின் விளிம்பில் எழுத்தே இல்லை. மூன்றாம் வகுப்பில் காசை அடித்து முடித்த பிறகு எழுத்தை ஏற்றினார்கள். அடித்து இறுகிய காசை அந்தச் சட்டங்களுக்கு நடுவே நெருக்கினால் காசு லேசாகக் குழியும், எழுத்தும் சீராக வராது. நடந்த வேலையின் வரிசை முழுக்க விளிம்பில் எழுதியிருக்கிறது. முகத்தில் உள்ள ஆண்டை மாற்றலாம். வேலையின் வரிசையை மறைப்பது கஷ்டம்.

காசின் முகத்தைச் சுற்றிய ஓரத்தையும் பாருங்கள். பழைய டாலரின் ஓரத்தில் நீள நீளமான பற்கள் இருக்கும், எழும்பிய கரை இருக்காது. 1804 டாலரில் மணி கோர்த்தாற்போன்ற ஓரமும் எழும்பிய கரையும். இது 1820-களின் கடைசியில் வந்த பாணி. 1804-ல் ஒருவர் இந்தக் கரையோடு காசு அடித்திருக்கவே முடியாது.

இதையெல்லாம் கோத்து, 1804 டாலர்கள் 1834-க்குப் பிறகானவை என்று நாணய ஆய்வாளர்கள் எரிக் நியூமனும் கென்னத் பிரெசெட்டும் 1962-ல் நூலாகக் கொண்டுவந்தார்கள். அதே 1962-ல் லண்டனிலிருந்து சயாம் மன்னரின் பெட்டியும் வெளிச்சத்துக்கு வந்தது. மஞ்சள் தோல் பெட்டி. உள்ளே சின்னக் காசுகளில் எல்லாம் 1834, டாலரிலும் பத்து டாலர் தங்கக் காசிலும் மட்டும் 1804. ஆய்வாளர்களுக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம் எத்தனை முறை வாய்க்கும்?

அப்புறம் இந்தப் பெயர்கள். நெடுங்காலம் முதல் வகுப்பை 'ஒரிஜினல்' என்றும் மற்றவற்றை 'மறு அச்சு' என்றும் ஏல அட்டைகளில் போட்டு வந்தார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. மறுபடி அடிக்க வேண்டுமானால் முதலில் ஒருமுறை அடித்திருக்க வேண்டும். 1804-ல் அடிக்காத காசுக்கு மறு அச்சு ஏது? முதல் வகுப்பு, நாணயச்சாலை அரசாணைப்படி 1834-ல் செய்த பரிசுக் காசு. மூன்றாம் வகுப்பு, நாணயச்சாலை ஆட்கள் அரசாணை இல்லாமல் செய்த விற்பனைக் காசு. எங்கே, யார், எப்போது, யாருக்காக என்ற நான்கையும் சொல்லாத அட்டை பாதி அட்டைதான்.

காசில் போட்ட ஆண்டை நம்ப முடியாத கதை அமெரிக்காவில் இதற்கு முன்பும் உண்டு. பாஸ்டனில் ஜான் ஹல் அடித்த பைன் மர ஷில்லிங்குகளில் 1652 என்றே இருக்கும். அது காசு அடிக்கச் சட்டம் வந்த ஆண்டு. காசு அதன்பின் 30 ஆண்டுகள் அதே ஆண்டோடு வந்தது. 1856-ல் தாமஸ் வையட் என்பவர் அந்த மாசசூசெட்ஸ் காசுகளைப் போலியாகச் செய்து, பாஸ்டன் அருகே புதையலில் கிடைத்தது என்று கதைகட்டி விற்றார். ஹல்லின் காசில் ஆண்டு பொருந்தாவிட்டாலும் காசு அசல். வையட்டின் காசில் ஆண்டு சரியாக இருந்தும் காசு போலி.

மேசைக்கு வந்த காசு

இனி தம்பியின் காசு. 1804 டாலர் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் முதல் கேள்வி ஒன்றே: அச்சு பொருந்துகிறதா? அந்தக் கால அச்சுகளில் எழுத்து, எண், நட்சத்திரம் எல்லாம் தனித்தனி உளியால் கையால் தட்டியவை. எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் அமையாது. 1804 டாலர்கள் மூன்று வகுப்பும் ஒரே முன்பக்க அச்சில் வந்தவை. கடைசி நட்சத்திரம் பெண்ணுருவின் மார்புக்கு எத்தனை தூரம், 4-ன் நுனி எங்கே நிற்கிறது என்பதெல்லாம் எல்லாக் காசிலும் ஒன்றே. பின்பக்க அச்சு இரண்டுதான். கழுகுக்கு மேலே உள்ள மேகங்களுக்கு மேல் 'ஸ்டேட்ஸ்' என்ற சொல்லின் எழுத்துகள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். இந்த அச்சுகளோடு பொருந்தாத காசு, வெள்ளியே ஆனாலும், 1804 டாலர் இல்லை. நல்ல படம் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைச் சொல்லிவிடலாம்.

ஏமாற்று வகைகளில் சுவாரசியமானது எண்ணைத் திருத்தியது. அசல் 1800 அல்லது 1801 டாலரை எடுத்து, கடைசி எண்ணைச் சுரண்டி 4 ஆக்குவார்கள். வெள்ளி சரி, எடை சரி, விளிம்பு எழுத்தும் அழகாக, நசுங்காமல் இருக்கும். விளிம்பு அத்தனை நன்றாக இருப்பதே அதைப் பிடித்துக்கொடுக்கும். எண்ணைச் சுற்றிய தளம் பூதக்கண்ணாடியில் மட்டும் வேறு மினுக்கு மினுக்கும். அச்சை ஒப்பிட்டால் அது 1800-ன் இன்ன வகை என்று ஜாதகமே சொல்லிவிடலாம். வருத்தம் என்னவென்றால், திருத்தாமல் விட்டிருந்தால் நல்ல விலை போயிருக்கும் ஒரு காசு அது.

வார்ப்புப் போலிகளில் தளத்தில் நுண்ணிய குழிகள் இருக்கும், விளிம்பில் பொருத்துக் கோடு ஓடும். மின்பூச்சில் இரண்டு ஓடாகச் செய்து ஒட்டியவற்றுக்கும் அந்தக் கோடு உண்டு, தட்டினால் ஒலி செத்திருக்கும். வெள்ளிதானா என்ற ஐயத்துக்குத் தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும்: 26.96 கிராம் டாலரை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டால் எடை சுமார் 2.6 கிராம் குறைய வேண்டும். அதிகம் குறைந்தால் உள்ளே இருப்பது மலிவான உலோகம். ஒரு எச்சரிக்கை: பழைய டாலரின் முகத்தில் இணைகோடுகளாக அரம் ராவிய தடம் இருந்தால் பயப்பட வேண்டாம். எடை கூடிய வில்லையை நாணயச்சாலையிலேயே ராவிக் குறைத்த தடம் அது, பெரும்பாலும் நல்ல அறிகுறி.

தம்பியின் காசு எதிலும் தேறவில்லை. நட்சத்திரங்கள் இடம் மாறியிருந்தன, எடை 22 கிராம் சொச்சம், காந்தம் லேசாக இழுத்தது, விளிம்பில் எழுத்துக்குப் பதில் ரம்பப் பல். அமெரிக்காவில் 1973 சட்டப்படி இப்படிப்பட்ட நகலில் 'காப்பி' என்று பொறித்திருக்க வேண்டும், இதில் இல்லை. நம் ஊரில் ராமர் பட்டாபிஷேகத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரையும் 1818 என்ற ஆண்டையும் போட்டு விற்கும் செப்புக் காசுக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். கம்பெனி அப்படி ஒரு காசு வெளியிட்டதே இல்லை.

அசல் முதல் வகுப்பின் விலை என்ன என்று கேட்டான். மஸ்கட் சுல்தானுக்குப் போனது என்று அறியப்படும் காசு 1999-ல் 41.4 லட்சம் டாலருக்கும், 2021-ல் 76.8 லட்சம் டாலருக்கும் போனது என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ 1804-ல நிஜமாவே அடிச்ச டாலர் ஒண்ணு வேணும்னா என்னண்ணே பண்றது?"

"1803 போட்ட டாலரா வாங்கு" என்றேன். தேய்ந்த காசாக இருந்தால் சில ஆயிரம் டாலருக்கே கிடைக்கும். அந்த 19,570-ல் ஒன்றாக அது இருக்கலாம்.